நட்சத்திரம் போட்ட இடங்கள்

ஒரு நர்ஸிங் பயிற்சிப் பள்ளியில் சேர நான் நானூறு தடவைக்கு மேல் விண்ணப்பித்திருக்கிறேன். விண்ணப்பத்தில் என் வயது எப்போதும் பதினெட்டு. பெயர் சில நாள் ‘டெஸ்ட் ஒன்று’, சில நாள் வாயில் வந்தது. புகைப்படம் மட்டும் அசல். அல்சூரில் ஒரு ஸ்டுடியோவில் எடுத்த பாஸ்போர்ட் அளவுப் படம். ஜலதோஷத்தில் வீங்கிய மூக்கும் பெரிய மீசையுமாக இருப்பேன். மதிப்பெண் பட்டியல் இணைக்க வேண்டிய இடத்திலும் அதே படம்தான், அனுபவச் சான்றிதழ் இடத்திலும் அதே படம்தான். எங்கள் ஆபீஸில் யார் எந்தப் படிவத்தைச் சோதித்தாலும் என் மூக்கைத்தான் இணைப்பார்கள். கம்ப்யூட்டரில் கைக்கு எட்டிய இடத்தில் இருந்தது, அளவும் சின்னது. வருஷக்கணக்கில் அதுவே வழக்கமாகிவிட்டது.

போன மாதம் ஹரிணி ஃபோன் செய்தார். ஓய்வு பெறும்வரை நான் உட்கார்ந்திருந்த நாற்காலி இப்போது அவருடையது.

“சார், ஆடிட் வருது. நிஜ மனுஷங்க ஃபோட்டோ எதுவும் டெஸ்ட் ஃபோல்டர்ல இருக்கக்கூடாதாம். உங்க ஃபோட்டோவைத் தூக்கிடட்டுமா?”

“தாராளமா தூக்கும்மா. அந்த மூக்கை எவ்வளவு நாள்தான் பாப்பீங்க.”

“இன்னொண்ணு சார். பக்கத்துல ‘பெருசு’ன்னு ஒரு ஃபோல்டர் இருக்கு. உள்ள மூணு ஃபோட்டோ, மூணும் வெறும் சுவரு. ஆனா சைஸ் பயங்கரமா இருக்கு. அதையும் எடுத்துடலாமா?”

“அதுல மட்டும் கை வெக்காதம்மா” என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது போலிருக்கிறது. ஏன் என்று கேட்டார். ஃபோனில் சொல்ல வரவில்லை. எழுதி அனுப்புகிறேன் என்றேன். இப்போது எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நான் மர்பி டவுன்காரன். டைப்ரைட்டிங் முடித்து, ஒரு கிடங்கில் சரக்குப் பட்டியல் அடித்து, கம்ப்யூட்டர் வந்ததும் அதையே கம்ப்யூட்டரில் அடித்து, நாற்பது வயதை நெருங்கும்போது ஜோகுபாளையத்தில் ஒரு சின்ன வெப்சைட் கம்பெனியில் டெஸ்டராகச் சேர்ந்தேன். புரோகிராம் எழுதுகிறவர்கள் எழுதித் தருவார்கள். அது எங்கே உடையும் என்று பார்ப்பது என் வேலை. சந்தேகப் பிராணியான எனக்கு அந்த வேலை நன்றாகவே பொருந்தியது. நான் சந்தேகப்பட்டதெல்லாம் புரோகிராமை அல்ல, அதைப் பயன்படுத்துகிற ஆட்களை என்பது பிற்பாடுதான் புரிந்தது.

எங்கள் தலைவி வசுந்தரா மேடம். தாத்தா காலத்தில் மைசூர் அரசாங்க உத்தியோகத்துக்கு வந்து மல்லேஸ்வரத்தில் தங்கிவிட்ட தமிழ்க் குடும்பம். தமிழில் ஆரம்பித்து, கன்னடத்தில் தொடர்ந்து, இங்கிலீஷில் முடிப்பார். சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்.

அவரிடம் இரண்டு நடைமுறைகள் உண்டு. முதலாவது, படிவத்தில் வரும் ஒவ்வொரு பிழைச் செய்தியையும் அவர் எதிரே நின்று, அவர் முகத்தைப் பார்த்து வாய்விட்டுச் சொல்ல வேண்டும். “நான்தான் ஃபாரம் நிரப்பறவ. எங்கிட்ட நேர்ல சொல்லுங்க” என்பார். ‘செல்லாத உள்ளீடு’ என்று ஒருநாள் ஒருவன் சொன்னான். மேடம் கண்ணாடியைக் கழற்றினார். “வீட்டுக்கு வந்தவங்க முகத்தைப் பார்த்து இப்படிச் சொல்லுவீங்களா?” அந்த வாசகம் அன்றைக்கே ஒழிந்தது. ‘ஃபோன் நம்பரில் ஒரு எண் குறைகிறது, பாருங்கள்’ என்று மாறியது.

இரண்டாவது, ஒரு பதிவேடு. நிஜமான, நீளமான, கட்டம் போட்ட நோட்டு. யாராவது படிவம் போகவில்லை என்று ஃபோன் செய்தால் நான்கு கட்டங்களை நிரப்ப வேண்டும். நேரம். அழைத்தவர் பெயர். அவர் திரையில் என்ன பார்த்தார். பதில் சொன்னவர் யார். ‘என்ன செய்தார்’ என்று ஒரு கட்டம் வைக்கலாமே என்று நான் கேட்டதற்கு, “வேண்டாம் தனபால். என்ன செஞ்சீங்கன்னு கேட்டா பயந்துடுவாங்க. என்ன பார்த்தீங்கன்னு கேளுங்க” என்றார்.

கேட்பதற்கு நல்ல நடைமுறையாகத்தான் இருந்தது. ஒரு நாளைக்கு அறுபது அழைப்பு வரும்போது யார் எழுதுவது?

அந்த நர்ஸிங் பள்ளி விண்ணப்பத்தின் கடைசி நாள் அப்படிப்பட்ட நாள். மாலை ஐந்து மணிக்கு வெப்சைட் தானாக மூடிக்கொள்ளும். பள்ளியின் உதவி எண்ணைக் கடைசி வாரம் மட்டும் எங்கள் ஆபீஸுக்குத் திருப்பியிருந்தார்கள். ஃபோன் என் மேஜையில். எடுத்தால் கன்னடத்தில் பேச வேண்டும் என்பது பள்ளியின் ஏற்பாடு. எனக்குத் தடையில்லை, தூக்கத்திலும் கன்னடம் வரும்.

காலை பத்தரைக்கு ஒரு பெண்.

“சார், எல்லா தும்பிதீனி. ஆத்ரூ ஹோக்தில்லா.” எல்லாவற்றையும் நிரப்பிவிட்டேன், ஆனாலும் போகவில்லை என்கிறார்.

“நட்சத்திரம் போட்ட இடம் எதுவும் காலியாக இருக்கக்கூடாது. இன்னொந்து சல நோடி அம்மா” என்றேன். இன்னொரு தடவை பாருங்கள் என்று சொல்லி வைத்துவிட்டேன். இதே பதிலை அன்று அதற்குள் பதினைந்து பேருக்குச் சொல்லியிருந்தேன்.

பன்னிரண்டு மணிக்கு மறுபடி அதே பெண். எல்லாமே சிவப்பாகிவிடுகிறது, பெயர்கூடச் சிவப்பு என்றார். பயத்தில் கூட்டிச் சொல்கிறார் என்று நினைத்தேன். நடுவில் பின்னால் போகும் பட்டனை அழுத்தியிருப்பீர்கள், அழுத்தாதீர்கள் என்றேன்.

இரண்டு மணிவாக்கில் மூன்றாம் முறை. பெயரை இங்கிலீஷில் எழுத வேண்டுமா, கன்னடத்திலா என்று கேட்டார். இங்கிலீஷில் என்றேன். இங்கிலீஷில்தான் எழுதினேன் என்றார். அதற்கு நான் சொன்னது இன்றும் காதில் இருக்கிறது.

“எழுதியிருக்க மாட்டீர்கள் அம்மா. அதனால்தான் கேட்கிறது.”

அவர் ‘ஆய்து சார்’, சரி சார், என்று சொல்லி வைத்துவிட்டார். மூன்று அழைப்புகளில் ஒன்றைக்கூட நான் பதிவேட்டில் ஏற்றவில்லை. ஒரு துண்டுத்தாளில் ‘கவனக்குறைவு’ என்று தலைப்புப் போட்டு, அதன் கீழே கோடு கோடாக இழுத்துக்கொண்டிருந்தேன். அவருக்கும் மூன்று கோடு.

நான்கு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது வாட்ச்மேனிடம் டீ வந்ததா என்று மாடிப்படியில் நின்று தமிழில் கத்தினேன். டீ வரவில்லை. அவருக்குப் பின்னால் ஒரு பெண் படியேறி வந்தார். ஆஸ்பத்திரி ஆயாக்கள் கட்டும் நீலச் சேலை. கையில் பிளாஸ்டிக் பை, இன்னொரு கையில் ஃபோன்.

“அண்ணா, தமிழா நீங்க? அப்பாடா. நர்ஸிங் ஃபாரம் ஆபீஸ் இதானே? வெப்சைட்டுக்கு அடியில இந்த அட்ரஸ் இருந்துச்சு. காலைலேர்ந்து ஃபோன் பண்ணிப் பண்ணிப் பாத்தேண்ணா, ஆவல.”

குரல் எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. கன்னடத்தில் கேட்ட அதே குரல். அவருக்கு என்னைத் தெரியவில்லை. ஃபோனில் இருந்தது கன்னட சார், இங்கே நிற்பது தமிழ் அண்ணன்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். முதலில் வேலை முடியட்டும் என்று எனக்கே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

பெயர் மல்லிகா. வீடு பொம்மனஹள்ளி, வேலை அல்சூர் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில். “பதினோரு வருஷமா ஆயா வேலைண்ணா. சிஸ்டருங்க போடற ஊசிய நான்தான் எடுத்துக் குடுக்கறேன். முப்பத்தஞ்சு வரைக்கும்தான் எடுப்பாங்களாம். எனக்கு ரெண்டு மாசத்துல முடியுது. இந்த வாட்டி வுட்டா அவ்ளோதான்.” பையைத் திறந்து எஸ்.எஸ்.எல்.சி. மதிப்பெண் பட்டியலைக் காட்டினார். மடிப்பு கிழியாமல் பிளாஸ்டிக் உறை போட்டிருந்தது.

வசுந்தரா மேடம் எழுந்து வந்தார். விஷயத்தைக் கேட்டார். “மல்லிகா, நீங்க எப்பவும் செய்ற மாதிரியே இங்க உக்காந்து செய்ங்க. யாரும் எதுவும் சொல்ல மாட்டோம்” என்றார். என் பக்கம் திரும்பி, “தனபால், கையைக் கட்டிக்கிட்டு நில்லுங்க. வாயையும்.”

முப்பத்தொரு இடங்கள். சின்னத் திரையில் கட்டைவிரலால் ஒவ்வொன்றாக நிரப்பினார். பெயரை எழுதிவிட்டு எழுத்தெழுத்தாக வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். எங்கள் வெப்சைட்டில் அவ்வளவு ஜாக்கிரதையாக யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. படம், மதிப்பெண் பட்டியல், அனுபவச் சான்றிதழ், மூன்றையும் ஃபோனிலேயே எடுத்து வைத்திருந்தார். புது ஃபோன். தம்பி வாங்கித் தந்ததாம். நான்கு பதினான்குக்குச் சமர்ப்பிக்கும் பட்டனை அழுத்தினார்.

வட்டம் சுற்றியது. வெகுநேரம் சுற்றியது. பிறகு படிவம் திரும்பி வந்தது. எல்லா இடமும் காலி. எல்லா இடத்துக்கும் கீழே சிவப்பு. ‘உங்கள் பெயரை எழுத மறந்துவிட்டீர்கள்.’ ‘உங்கள் தந்தை பெயரை எழுத மறந்துவிட்டீர்கள்.’ அந்த வாசகங்கள் நாங்கள் மேடம் முகத்தைப் பார்த்துச் சொல்லிச் சொல்லி மென்மையாக்கியவை.

“இதாண்ணா. ஏழு வாட்டி இப்பிடித்தான். எனக்கு என் பேரே எழுத வரலியோன்னு பக்கத்து வூட்டு அக்காவ வுட்டு எழுத வெச்சுக்கூடப் பாத்தேன். அதுக்கும் மறந்துட்டீங்கன்னுதான் வந்துச்சு.”

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை, கையிலேயே வைத்திருந்தார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. படிவத்தை இரண்டு இடத்தில் சோதிப்போம். முதல் சோதனை நிரப்புகிறவர் ஃபோனிலேயே நடக்கும். ஒரே ஒரு நட்சத்திர இடம் காலியாக இருந்தாலும் அது படிவத்தை அனுப்பவே விடாது. இரண்டாவது, எங்கள் சர்வரில். வட்டம் சுற்றியது என்றால் முதல் சோதனை விட்டுவிட்டது என்று அர்த்தம். அதாவது மல்லிகா எல்லாவற்றையும் எழுதியிருக்கிறார். எல்லாமே சிவப்பு என்று அவர் பன்னிரண்டு மணிக்குச் சொன்னபோதே, சரியாகக் கேட்டிருந்தால், எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒன்றிரண்டு இடத்தை மனிதர் விடலாம். முப்பத்தொன்றையும் விட்டுவிட்டு அனுப்ப முடியவே முடியாது.

சர்வரின் குறிப்பேட்டைத் திறந்தேன். ஒரு வரி இருந்தது. வந்த மொத்த அளவு சர்வர் ஏற்கும் அளவைவிடப் பெரியது, ஆகவே முழுவதும் ஒதுக்கப்பட்டது. விஷயம் இவ்வளவுதான். புது ஃபோனில் எடுத்த மூன்று படங்களும் சேர்ந்து எல்லையைத் தாண்டிவிட்டன. தாண்டியதும் சர்வர் படங்களை மட்டும் தள்ளவில்லை, கூட வந்த பெயர், ஊர், வயது எல்லாவற்றையும் சேர்த்தே தள்ளிவிட்டது. எங்கள் புரோகிராம் பார்த்தது வெறும் படிவத்தை. அது பாட்டுக்கு, பெயர் எழுத மறந்துவிட்டீர்கள் என்றது. ஒரு படம் மட்டும் பெரிதானால் சொல்ல அழகான வாசகம் ஒன்று வைத்திருந்தோம். மூன்றும் சேர்ந்து பெரிதானால் என்ன ஆகும் என்று யாரும் பார்த்ததில்லை. நானூறு தடவையும் என் சின்ன மூக்கை மூன்று இடத்திலும் இணைத்தவன் எப்படிப் பார்த்திருப்பேன்?

மணி நான்கு இருபத்திரண்டு.

“எல்லையை ஏத்திடலாம் மேடம். சர்வரை ஒரு தடவை நிறுத்தி ஆரம்பிக்கணும்.”

“இப்போ எத்தனை பேர் பாதியில இருக்காங்க?”

“நாப்பது பேர் இருப்பாங்க.”

“பேடா, வேணாம். அவங்க எழுதினதும் போயிடும். சர்வரைத் தொடாதீங்க. படத்தைச் சின்னது பண்ணுங்க.”

மூன்று படங்களையும் மல்லிகாவை என் வாட்ஸ்அப்புக்கு அனுப்பச் சொன்னேன். அதில் அனுப்பினால் தானாகவே சுருங்கிவிடும். திருப்பி அவருக்கே அனுப்பினேன். அன்றைக்கென்று நெட்வொர்க் இழுத்தது. மூன்றாவது படம் போய்ச் சேரும்போது மணி நான்கு முப்பத்தாறு. முப்பத்தொரு இடங்களும் மறுபடி காலி.

“நான் டைப் பண்ணட்டுமாம்மா? சீக்கிரம் ஆயிடும்.”

“வேணாண்ணா” என்றார் தலையைத் தூக்காமல். “நானே எழுதறேன். அப்புறம் நான் எழுதலைன்னு சொல்லிடக்கூடாது.”

நான் பின்னால் தள்ளி நின்றேன். தப்பாக ஒரு எழுத்து விழுந்தால் அழித்துவிட்டு ஆரம்பத்திலிருந்து எழுதினார். சுவர்க் கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்க முயன்றேன், முடியவில்லை.

அந்த நேரத்தில்தான் என் மேஜை ஃபோன் அடித்தது.

எடுத்தால் கன்னடத்தில் பேச வேண்டும். பேசினால் மூன்று அடி தூரத்தில் உட்கார்ந்திருக்கும் மல்லிகாவுக்கு அந்தக் குரல் தெரிந்துவிடும். நான் எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்தது. உடனே மறுபடி அடித்தது. மேடம் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவரே வந்து எடுத்தார்.

“ஹேளி… பரவாயில்லா, நிதானவாகி ஹேளி. ஸ்கிரீன்ல்லி ஏனு காணிஸ்தா இதே?” நிதானமாகச் சொல்லுங்கள், திரையில் என்ன தெரிகிறது என்று கேட்டார். கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பித் தலையசைத்தார். அழைத்தவருக்கும் எல்லாம் சிவப்பு. படத்தைச் சுருக்கும் வழியை அவருக்கு வார்த்தை வார்த்தையாகச் சொன்னார். அந்த ஒரே கேள்வியை நான் காலை பத்தரைக்குக் கேட்டிருந்தால் ஆறரை மணி நேரம் மிச்சம் இருந்திருக்கும்.

நான்கு ஐம்பத்து மூன்றுக்கு மல்லிகா பட்டனை அழுத்தினார். வட்டம் சுற்றியது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். நான் மூடவில்லை. பச்சை டிக் வந்தது. அதன் கீழே விண்ணப்ப எண். மல்லிகா பேனா கேட்டு வாங்கி எண்ணை உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். ஃபோனிலேயே இருக்கும் அம்மா என்றேன். “இருக்கட்டும்ணா” என்று இன்னொரு தடவை அழுத்தி எழுதினார்.

மேடம் பள்ளிக்கு ஃபோன் போட்டார். சுற்றிவளைக்கவில்லை. “தப்பு எங்களுது. நிரப்பினவங்களது இல்லை” என்று கன்னடத்தில் ஆரம்பித்தார். அந்தப் பக்கமிருந்து வாங்கிக் கட்டிக்கொண்டார் என்பது முகத்தில் தெரிந்தது. கடைசியில் மறுநாள் மாலை ஐந்து வரை நேரம் வாங்கினார்.

அடுத்து நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சர்வர் குறிப்பேட்டில் அதே வரி அன்றும் முந்தைய நாட்களிலும் பல தடவை இருந்தது. எத்தனை தடவை என்று எண்ண முடிந்தது, யார் என்று தெரியவில்லை. பெயரைத்தான் தூக்கி எறிந்துவிட்டோமே, யாரைக் கூப்பிடுவது? முகப்பில் பெரிய எழுத்தில் அறிவிப்புப் போட்டோம். மறுநாள் சிலர் திரும்பி வந்தார்கள். எல்லாரும் வந்தார்களா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. தன் மேல்தான் தப்பு என்று நம்பி ஃபோனைக் கீழே வைத்துவிட்ட ஒருவர் அந்த அறிவிப்பைப் பார்க்க ஏன் வரப்போகிறார்? ஓய்வு பெற்ற பிறகும் இது என்னை விட்டபாடில்லை. பேங்க் படிவம் நிரப்பும்போது சிவப்பாக ஏதாவது வந்தால் முதலில் அவர்கள் ஞாபகம்தான் வருகிறது.

ஆபீஸில் புது ஃபோன் வைத்திருந்தவரிடம் கடன் வாங்கி எதிர்ச் சுவரை மூன்று படம் எடுத்தேன். இனி எந்தப் படிவத்தையும் அவற்றோடு சோதிக்க, ‘பெருசு’ என்று பெயரிட்டு வைத்தேன். ஹரிணி பார்த்த சுவர் அதுதான். துண்டுத்தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுப் பதிவேட்டில் மூன்று வரி எழுதினேன். என்ன பார்த்தார் என்ற கட்டத்தில் ‘எல்லாம் சிவப்பு, பெயர் உட்பட’. பதில் சொன்னவர் கட்டத்தில் மூன்று தடவையும் தனபால். மேடம் படித்தார். கையெழுத்துப் போட்டார். “நாளைக்கும் ஃபோனை நீங்கதான் எடுக்கறீங்க” என்றார், அவ்வளவுதான். சில வாரம் கழித்து வந்த தேர்வுப் பட்டியலை ஒரு வரி விடாமல் படித்தேன். மல்லிகா பெயர் இருந்தது.

ஆனால் பதிவேட்டில் எழுதியதை நேரில் சொல்லவில்லை. அன்று ஐந்தரை மணிக்கு மல்லிகாவை பஸ் ஸ்டாப் வரை கொண்டுவிடப் போனேன். வழியெல்லாம் இப்போது சொல்லலாம், அந்தத் திருப்பத்தில் சொல்லலாம் என்று நடந்தேன். அவர் சந்தோஷமாகப் பேசிக்கொண்டே வந்தார். நீங்கள் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று இரண்டு தடவை சொன்னார். பஸ் வந்து நின்றது. படியில் ஒரு கால் வைத்தவர் திரும்பினார்.

“அண்ணா, ஃபோன்ல பேசுனாரே ஒரு கன்னட சார், அவரு உங்க ஆபீஸ்தானே? நான் எல்லாத்தையும் எழுதித்தான் அனுப்புனேன்னு அவரு கிட்ட ஒரு வார்த்த சொல்லிடுங்கண்ணா. அவரு நம்பவே இல்ல.”

“சொல்லிடறேன்மா” என்றேன்.